பில் போட்டு வாங்கிய சாஃப்ட்வேர்

அந்த சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து வாங்க வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறபோது பழி வேறு யார் மேலாவது போகும். போகக்கூடாது.

நான் ஒன்பதாவது பாதியில் நின்றவன். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் மார்க்கிங் வேலை. பெரிய ஷெட்டுகளுக்கு வேண்டிய தூண், உத்தரம், கூரைச் சட்டம் எல்லாம் அங்கே தயாராகும். டிராயிங்கைப் பார்த்து, தகட்டின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு, எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஓட்டை போட வேண்டும் என்று புள்ளி குத்திக் கொடுப்பேன். பதினோரு வருஷம் செய்தேன். பிறகு ஒரு தகடு சரிந்து இடது காலில் விழுந்தது. ரெண்டு விரல் போயிற்று. நாள் முழுக்க நிற்க முடியவில்லை.

கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிறவன் ஒருவன் இருந்தான். என் வயசுதான். ஊத்துக்கோட்டைக்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். எல்லோரையும் நைனா என்பான். மேனேஜரை மட்டும் சார் என்பான். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான்.

"ஊட்ல ஒரு கம்ப்யூட்டர் போடு நைனா. எங்க டிராயிங்ல பாதி வெளிய குடுத்துத்தான் போடறோம். அத்த உனக்கே குடுக்கச் சொல்றேன். தகட்ட பத்தி உனக்குத் தெரிஞ்சது அவனுங்களுக்குத் தெரியாது."

சொன்னபடி மேனேஜரிடம் பேசினான். மேனேஜர் சரி என்றார். எனக்கு வந்த வேலை அவனால் வந்தது. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே ஆறு மாசம் போனேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், வாசிக்க வராது. ஸ்க்ரீனில் எழுதியிருப்பதைப் படித்து வேலை செய்ய முடியாது. அதனால் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். எல் அடித்தால் கோடு. சி அடித்தால் வட்டம். டி, ஆர் சேர்த்து அடித்தால் வெட்டும். ஒரு நாற்பது எழுத்துச் சேர்க்கை. அதுக்குள் என் வேலை முழுக்க அடங்கிவிட்டது. மற்றவர்கள் மவுஸைத் தேடுகிற நேரத்தில் நான் முடித்துவிடுவேன்.

கால் விரலுக்கு வந்த பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கினேன். திருப்பாச்சூர் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறையில் வைத்தேன். இன்னும் வாங்க வேண்டியது சாஃப்ட்வேர்.

சென்டரில் கற்றது பேர் போன சாஃப்ட்வேர். கம்பெனி ஆபீசிலும் அதுதான். சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டு விலை கேட்டேன். சொன்னார்கள். போனை வைத்துவிட்டேன்.

ஊத்துக்கோட்டைக்காரனிடம் விலையைச் சொன்னேன். சிரித்தான். காப்பி போட்ட சிடி ஒன்றை நீட்டினான். "இத்த போடு. ஊரே இத்தத்தான் போட்டுக்கினு கீது."

நான் வாங்கவில்லை. காரணம் உண்டு. ரெண்டு வருஷம் முன்பு கம்பெனியிலும் அப்படி ஒரு சிடிதான் இருந்தது. செக்கிங் வருகிறார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டி பெயிண்ட் ரூமில் ஒளித்து வைத்தார்கள். தூக்கிக்கொண்டு போனது நான். செக்கிங் வரவில்லை. ஆனால் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டைக் கடந்து போனபோது வெல்டர்கள் எல்லாம் பார்த்தார்கள். திருடிக்கொண்டு போகிறவன் நடை எனக்கு வந்திருந்தது. அந்தப் பயத்துக்குப் பிறகு கம்பெனி அசல் சாஃப்ட்வேரையே காசு கொடுத்து வாங்கியது. என் வீட்டில் மூட்டை கட்டி ஒளிக்கிற சாமான் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

அவனிடம் அதைச் சொன்னேன். கொஞ்சம் உயரத்திலிருந்து சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

இலவசமாக ஒன்று கிடைத்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடி. ஒரு வாரம் பார்த்தேன். எல்லாம் சின்னச் சின்னப் படம். என் எழுத்துச் சேர்க்கை ஒன்றும் அதில் ஓடவில்லை. ஆபீஸ் ஃபைலும் திறக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒன்று. பேர் போனதைப் போலவே இருக்கும், விலை ஏழில் ஒரு பங்கு. விற்கிறவர் சென்னையிலிருந்து முப்பது நாள் ஓடுகிற சிடியைத் தபாலில் அனுப்பினார். ஓடவிட்டுப் பார், பிடித்தால் வாங்கு என்றார். போட்டேன். எல் அடித்தேன். கோடு வந்தது. சி அடித்தேன். வட்டம் வந்தது. நாற்பதும் வந்தது. அன்றைக்கு வீட்டில் நான் பேசினது வழக்கத்தைவிட அதிகம் என்று வீட்டம்மா சொன்னாள்.

முப்பது நாளும் சோதித்தேன். ஆபீசிலிருந்து பழைய டிராயிங் ஆறு கேட்டு வாங்கினேன், ஃபைலும் பேப்பரும். ஃபைலை இதில் திறந்து, பேப்பரைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு வட்டமாக, ஒவ்வொரு நம்பராக ஒத்துப் பார்த்தேன். பென்சிலால் டிக் போட்டேன். ஆறும் சரி. ஒரு நம்பர்கூட மாறவில்லை.

நான் சோதிக்காமல் விட்டது ஒன்று. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் ரெண்டு கோட்டுக்கு நடுவே அளவு கேட்டால், மிஷினே அளந்து நம்பர் போடும். கோட்டை நகர்த்தினால் நம்பரும் மாறும். அதுதான் முறை. ஆனால் வேலை கொடுத்தவர்கள் கடைசி நேரத்தில் போன் போட்டு அளவை மாற்றுவார்கள். ஒரு கோட்டை நகர்த்தினால் கூடவே பத்தை நகர்த்த வேண்டும். நேரம் இருக்காது. அப்போது கோட்டைத் தொடாமல் நம்பரை மட்டும் அழித்து அதன் மேல் புது நம்பர் அடித்துவிடுவார்கள். கோடு பழைய இடத்திலேயே இருக்கும். நம்பர் புதுசாக இருக்கும். எஸ்டேட்டில் எல்லா ஷெட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. யாரும் தப்பென்று நினைத்ததில்லை. தகட்டில் வேலை செய்கிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். கோட்டை அளக்காதே, நம்பரைப் படி. பேப்பர் சுருங்கும், நம்பர் சுருங்காது.

நான் வாங்கிய ஆறு டிராயிங்கிலும் அப்படி அடித்த நம்பர் ஒன்றுகூட இல்லை. கெட்ட நேரம் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். அவன் அப்படி அடிப்பான் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அவன் டிராயிங்கைப் படித்தவன் நான்.

பணம் கட்டி வாங்கினேன். பில் வந்தது. என் பேர் அச்சில் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

வீட்டம்மா பார்த்தாள். "கல்யாண போட்டோவே பொட்டிக்குள்ள கீது. பில்லுக்கு மாலை கீலை போடணுமா?"

அவனும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து நான் பில்லு நைனா.

வேலை நன்றாக ஓடியது. சனிக்கிழமை மத்தியானம் அவன் கும்மிடிப்பூண்டியிலிருந்து வருவான். நான் திருப்பாச்சூரிலிருந்து பஸ் ஏறிப் போவேன். ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சந்திப்போம். அவன் அந்த வாரத்து ஃப்ளாப்பியைக் கொடுப்பான். போன வார வேலையை நான் கொடுப்பேன். எங்கள் பக்கத்துத் தூசிக்கு ஃப்ளாப்பி சீக்கிரம் செத்துப்போகும். அதனால் முடித்த வேலையை ரெண்டு புது ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுப்பேன். அவன் கொடுத்ததை என்னிடமே வைத்துக்கொள்வேன். அவன் வாங்கிப்போய் ஆபீஸ் மிஷினில் பழைய ஃபைல் மேலேயே என் ஃபைலைப் போட்டுவிடுவான். பிரிண்ட் எடுத்து ஷெட்டுக்கு அனுப்புவான். டீ குடிப்போம். சிரிப்போம். என் வாழ்க்கையில் அது நல்ல காலம்.

அடுத்த வருஷம் தடா பக்கத்தில் ஒரு ஷெட் வேலை வந்தது. நாற்பது தூண். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு தகடு. தகட்டில் நாலு ஓட்டை. சைட்டில் கான்கிரீட்டில் நாலு போல்ட்டை முன்கூட்டியே நட்டு வைத்திருப்பார்கள். தூணைத் தூக்கி வைத்தால் நாலு ஓட்டையும் நாலு போல்ட்டில் இறங்க வேண்டும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் தூரம் முந்நூறு மில்லிமீட்டர். கடைசி நாளில் அதை முந்நூற்று இருபது ஆக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

அவன் சனிக்கிழமை கிளம்புகிற அவசரத்தில் நம்பரை மட்டும் அடித்தான். பிரிண்ட் எடுக்கவில்லை. ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். டீக்கடையில் சொன்னான், ஒன்று ரெண்டு இடத்தில் கடைசி நிமிஷத்தில் மாற்றியிருக்கிறேன், பார்த்துக்கொள் என்று. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

வீட்டில் திறந்தேன். என் ஸ்க்ரீனில் முந்நூறு என்று இருந்தது. முந்நூறு வைத்து ஒவ்வொரு தகட்டுக்கும் தனி டிராயிங் போட்டேன். அடுத்த சனிக்கிழமை கொடுத்தேன். அவன் பழைய ஃபைல் மேல் போட்டான். பிரிண்ட் எடுத்தான். என் மேல் நம்பிக்கை. பார்க்கவில்லை.

தகடு வெட்டினார்கள், ஓட்டை போட்டார்கள், தூணோடு வைத்துப் பற்றவைத்தார்கள். லாரி தடா போயிற்று. முதல் தூணை கிரேனில் தூக்கி வைத்தார்கள். போல்ட்டில் இறங்கவில்லை. ரெண்டாவதும் இறங்கவில்லை. இருபது மில்லிதான் வித்தியாசம். அதனால்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டால் ரெண்டும் சேர்ந்து கிழியும். நாற்பது தூணும் திரும்பி வந்தன. நாற்பது தகட்டையும் அறுத்து எடுக்க வேண்டும்.

மேனேஜர் என்னை வரச் சொன்னார். வியாழக்கிழமை. போனேன். ஆபீசில் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கடிதத்தில் முந்நூற்று இருபது. ஸ்க்ரீனில் முந்நூறு.

"நான் மாத்தினேன் சார்," என்றான்.

"எங்க மாத்தினே? காட்டு."

அவன் மவுஸை உருட்டினான். ஒவ்வொரு ஷீட்டாகப் போனான். எல்லாவற்றிலும் முந்நூறு. திரும்பி என்னைப் பார்த்தான். மேனேஜரும் பார்த்தார். நம்பரைத் தொட்டாயா என்று கேட்டார்.

தொடவில்லை என்றேன். அன்றைக்கு அது நிஜம். எனக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவன் கொடுத்த ஃப்ளாப்பியை எடுத்தேன். அவன் கையெழுத்தில் லேபிள் இருந்தது. என் மிஷினில் போட்டேன். முந்நூறு. மனசு லேசாயிற்று. அவன்தான் மறந்திருக்கிறான் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். சாப்பிட்டு எழுந்தபிறகு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் சென்டருக்குப் போனேன். அங்கே பேர் போன சாஃப்ட்வேர். ஒரு மிஷின் காலியாக இருந்தது. போட்டுத் திறந்தேன்.

முந்நூற்று இருபது.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். முந்நூற்று இருபது. வீட்டுக்கு வந்து என் மிஷினில் போட்டேன். முந்நூறு. புரிந்துவிட்டது. நான் வாங்கிய சாஃப்ட்வேர் அவன் அடித்த நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோட்டைத் தானே அளந்து நம்பர் போட்டிருக்கிறது. நான் சேமித்தபோது அதுவே ஃபைலில் நின்றுவிட்டது. அவன் அதை ஆபீஸ் ஃபைல் மேல் போட்டதும் அவன் மாற்றினதற்கு ஆபீசில் தடயம் இல்லை. இருக்கிற ஒரே தடயம் என் கையில் இருந்த ஃப்ளாப்பி.

மறுநாள் சனிக்கிழமை. மேனேஜர் ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சொல்லத்தான் போனேன். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஆபீசில் ஷெட் ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மேனேஜர் ஆரம்பித்துவிட்டிருந்தார். "கேட்டா நான் மாத்தினேன், நம்பர் தானா திரும்பிப் போச்சுங்கறான். கம்ப்யூட்டர்ல பேய் பூந்துக்கும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன்.  மற்றவர்கள் சிரித்தார்கள், சிரித்தேன். அவ்வளவுதான். சிரித்தபிறகு வாயைத் திறந்து, பேய் என் வீட்டில்தான் சார் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

மேனேஜர் என் பக்கம் கை நீட்டினார். இவரைப் பார், விரல் போனவர், வீட்டில் உட்கார்ந்து பில் போட்ட சாஃப்ட்வேர் வைத்து ஒழுங்காக வேலை செய்கிறார் என்றார். இனிமேல் வேலையை நேராக எனக்கே தருவதாகச் சொன்னார். அவனைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். சத்தம் போடாமல் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே அவன் எனக்காக நின்றிருந்தான். சாப்பாட்டுத் தூக்கு கையில் இருந்தது. சாப்பிடவில்லை போல, கனமாகப் பிடித்திருந்தான்.

"நைனா, உன் மிஷின்ல எதுனா ஆயிருக்குமா? நான் மாத்தினது எனக்கு நல்லா ஞாபகம் கீது."

நேராகத்தான் கேட்டான். ஃப்ளாப்பி என் பையில் இருந்தது.

"பில் போட்டு வாங்குனதுப்பா," என்றேன். "அப்டிலாம் ஆவாது."

அவன் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அப்போ நான்தான் மறந்துட்டேன் போல என்று சொன்னான். ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டான்.

அவனுக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். பெரியது அப்போது எட்டாவது. எஸ்டேட்டில் வேறு எங்கேயும் அவனுக்கு டிராயிங் வேலை கிடைக்கவில்லை. நாற்பது தூண் கதை எல்லா ஷெட்டுக்கும் போயிருந்தது. ஊத்துக்கோட்டையில் ஒரு எடைமேடையில் லாரிக்குச் சீட்டுப் போடுகிற வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டதிலிருந்து நான் ஊத்துக்கோட்டை வழியாகப் போவதை நிறுத்தினேன். கும்மிடிப்பூண்டி போக வேண்டுமானால் திருவள்ளூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறிப் போனேன். பெரிய சுற்று. நொண்டிக் காலோடு அந்தப் படிக்கட்டெல்லாம் ஏறி இறங்கினேன். வீட்டம்மா கேட்டாள், பஸ்ஸுக்கு இன்னா வந்துது என்று. குலுக்குகிறது, கால் வலிக்கிறது என்றேன்.

வேலை பெருகியது. வேறு மூன்று கம்பெனியும் கொடுத்தார்கள். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஃபைலோடு பேப்பரும் தர வேண்டும். ஒவ்வொரு நம்பரையும் பேப்பரோடு ஒத்துப் பார்த்துத்தான் தொடங்குவேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. நிதானமான ஆள், தப்பே வராது என்று பேர் வந்தது. அந்தப் பேரும் அவன் செலவில் வந்ததுதான்.

புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கலாம். பேர் போனதையே வாங்குகிற அளவுக்குப் பிறகு வசதி வந்தது. வாங்கவில்லை. வாங்கினால் ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாலு வருஷம் ஆயிற்று. ஒருநாள் செல்லில் கூப்பிட்டான். குரலைக் கேட்டதும் தெரிந்தது.

"பில்லு நைனா, நல்லா கீறியா?"

சொந்தமாக டிராயிங் வேலை ஆரம்பிக்கப்போகிறேன் என்றான். ஆந்திரா பக்கம் சத்தியவேட்டில் ரெண்டு புது ஷெட்காரர்கள் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் டப்பு சேர்த்திருக்கிறான். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிட்டான். எந்த சாஃப்ட்வேர் வாங்குவது என்று என்னிடம் கேட்டுச் செய்யலாம் என்று நினைத்தானாம். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றான்.

வா என்றேன். வேறு என்ன சொல்ல.

வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. பிள்ளைகளின் பழைய ஸ்கூல் நோட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தான். எழுதாத பக்கத்தில் எழுத. அறைக்குள் வந்ததும் சுவரைப் பார்த்தான். பில் அங்கேதான் தொங்கியது. பக்கத்தில் போய் விலையை நோட்டில் எழுதிக்கொண்டான்.

"அன்னிக்கி உன்ன கேலி பண்ணேன். இப்ப நானும் பில் போட்டே வாங்கலாம்னு கீறேன். இந்தத் தடவ ஒருத்தன் வாயிலயும் வுழக்கூடாது."

மிஷினைப் போட்டேன். அவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். எல் அடித்துக் காட்டினேன். சி அடித்துக் காட்டினேன். எல்லாம் அதேதான், நீ புதிதாகப் பழக வேண்டியதே இல்லை என்றேன். அவன் எழுதிக்கொண்டே வந்தான். இது வேண்டாம், வேறு ஏதாவது பார் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் ஏன் என்பான். வேறு எது என்பான். எனக்கு வேறு தெரியாது. சொல்லாமல் விட்டால், சத்தியவேட்டுக்காரன் நம்பர் மேல் நம்பர் அடித்து ஒரு ஃபைல் அனுப்புவான். இவன் அதே குழியில் விழுவான். இன்னொரு தடவை இவனால் எழுந்திருக்க முடியாது.

அதற்காகத்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். சாஃப்ட்வேரைப் பற்றிச் சொன்னேன், அவ்வளவுதான்.

"ஒன்னு பாத்துக்கணும். அடுத்தவன் ஃபைல்ல கோட்ட நகத்தாம நம்பர மட்டும் அடிச்சிருந்தா, இது அத்த எடுத்துக்காது. தானே அளந்து போட்டுரும். பேப்பர் கேட்டு வாங்கி ஒத்துப் பாக்காம தொடாத."

அவன் பேனா ஓடிக்கொண்டிருந்தது. 'பேப்பர்' என்ற இடத்தில் நின்றது.

"நம்பர தூக்கிரும்," என்றான்.

"ஆமா."

"மொதல்லேர்ந்தேவா?"

"மொதல்லேர்ந்தே."

"உனக்கு எப்போ தெரியும்?"

"மறுநா."

மேனேஜர் எங்களை விசாரித்த வியாழக்கிழமைக்கு மறுநாள். எதற்கு மறுநாள் என்று அவன் கேட்கவில்லை. வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பிள்ளைகள் எப்படி என்று விசாரித்தாள். பெரியது பன்னெண்டாவது முடித்துவிட்டது, மேலே அனுப்பவில்லை என்றான். ஏன் என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் அண்ணி என்றான். அவள் உள்ளே போனாள்.

அவன் டீயைக் குடித்தான். முழுசாகக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"கோட்ட நகத்தாம உட்டது நானு. அது என் சோம்பேறித்தனம். அத்த உன் மேல போட மாட்டேன்."

 இத்தனை வருஷம் நான் ஒளிந்திருந்த இடம் அதுதான். அவன் நம்பரை மட்டும் அடித்தான், அவன் பிரிண்ட்டைப் பார்க்கவில்லை, தப்பு அவனுடையதும்தான். இதைத் தினம் எனக்குள் சொல்லிச் சொல்லித்தான் சோறு தின்றேன். அவன் வாயால் கேட்டபோது அதற்குள் ஒளிய இடம் இல்லாமல் போயிற்று.

"பேய்னு சொன்னப்ப நீயும் சிரிச்சே," என்றான். "அத்த நான் பாத்தேன்."

பிறகு நோட்டை எடுத்தான். நிறுத்திய இடத்திலிருந்து எழுதினான். பேப்பர் கேட்டு வாங்க வேண்டும். ஒத்துப் பார்க்காமல் தொடக்கூடாது. மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். வேறு ஏதாவது வியாதி இருக்கிறதா என்றான். யோசித்துப் பார்த்து, பெரிய ஃபைலைச் சேமிக்கும்போது சில சமயம் நின்றுவிடும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

வேறு ஏதாவது விசாரித்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். இத்தையே வாங்கிக்கறேன். இதோட வியாதி தெரிஞ்சுபோச்சு. வேற ஒன்ன வாங்குனா அதோட வியாதி தெரியாது."

பீரோவைத் திறந்து அந்த ஃப்ளாப்பியை எடுத்தேன். துணி மடிப்புக்குள் வைத்திருந்தேன். நீட்டினேன். அவன் லேபிளைப் பார்த்தான். தன் கையெழுத்தைப் படித்தான். நோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு கிளம்பினான். பஸ் ஸ்டாப் வரை கூட வருகிறேன் என்றேன். கால் வலிக்கும், இரு என்றான்.

செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி போனேன். பஸ்ஸில், ஊத்துக்கோட்டை வழியாகவே போனேன். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மிஷின்தான், அவன் இல்லை, எனக்கு அப்போதே தெரியும் என்று. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அது அப்பவே முடிஞ்சுபோன கதையாச்சேப்பா என்றார். ஒரு காகிதத்தைத் திருப்பினார். கூரைச் சட்டத்து டிராயிங் எப்போது தருவாய் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். வெளியே வந்தேன். அன்றைக்குச் சிரித்த ஷெட் ஆட்களில் ரெண்டு பேர் இன்னும் இருந்தார்கள். அவர்களிடமும் சொன்னேன். எந்தத் தகடு என்று ஒருவர் கேட்டார்.

பில்லைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணியில் வீட்டம்மா கல்யாண போட்டோவை மாட்டிக்கொண்டாள். 

மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து போன். சாஃப்ட்வேர் வாங்கிவிட்டிருந்தான். பின்னால் கம்ப்யூட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சார், ஒரு டவுட்டு," என்றான்.

என்னைத்தான் சொல்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிரிண்ட் எடுத்தால் கோடெல்லாம் ஒரே தடிமனாக வருகிறது, எங்கே மாற்றுவது என்று கேட்டான். சொன்னேன். அவன் அங்கே செய்து பார்த்தான். வந்துவிட்டது என்றான்.

"தேங்ஸ் சார்."

வைத்துவிட்டான். இப்போதும் மாசத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறான். சாஃப்ட்வேரைப் பற்றி மட்டும் கேட்பான். தெரிந்ததைச் சொல்வேன்.